முடி கொட்டுது, நேரமும் இல்லை: ஒரு கும்பகோணம் பார்லரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பெண்களுக்கான ஒரு சின்ன பார்லர் நடத்துகிறேன். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் இரண்டே வகை: "முடி கொட்டுதே, என்ன பண்ணலாம்?", "இதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு?" இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. தவறான நம்பிக்கைகளில் பாதி, முடி எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்று தெரியாததால்தான் வருகின்றன. மீதிப் பாதி நம் காலை நேரத்தைத் தின்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் பயப்பட வேண்டும்?

தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கிறவர்களுக்கு, ஆறு நாளும் உதிர்ந்து பின்னலுக்குள் சிக்கியிருந்ததெல்லாம் ஏழாம் நாள் மொத்தமாகக் கையோடு வரும். குளியலறை வடிகாலைப் பார்த்து அழ வேண்டாம். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதா, பின்னல் மெலிகிறதா என்று பாருங்கள். அதுதான் சரியான அடையாளம்.

ஷாம்பு மாற்றினேன், மறுவாரமே கொட்ட ஆரம்பித்தது. ஷாம்புதானே காரணம்?

அநேகமாக இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும். அப்புறம் வளர்வதை நிறுத்தி, சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். எந்தச் சமயத்திலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து உடம்பு இளைப்பது, பெரிய துக்கம் என்று ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரிய பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். அது உதிர்வது அன்றைக்கு அல்ல, இரண்டு மூன்று மாதம் கழித்து.

நம் பக்கத்தில் இது எப்படித் தெரியும் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்து படுத்து எழுந்திருப்பார்கள். தை மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். காய்ச்சல் அதற்குள் மறந்துபோயிருக்கும். பழி பனிமேல் விழும், இல்லாவிட்டால் பொங்கலுக்கு வாங்கிய புது ஷாம்புமேல் விழும். அதனால் முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன?" என்பதுதான்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். நிற்கப்போகிற நேரத்தில் நீங்கள் எதைத் தடவிக்கொண்டிருந்தீர்களோ, அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். ஊரில் பல 'அற்புத' எண்ணெய்கள் இப்படித்தான் பெயர் வாங்கின.

குழந்தை சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்கிறார்களே?

பாட்டிகள் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் சரியில்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கும். அதனால்தான் அந்த மாதங்களில் பின்னல் தடிமனாக இருக்கும். பிரசவமானதும் ஹார்மோன் இறங்கும். நிறுத்திவைத்த முடியெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், சுமார் மூன்றாம் மாதம் உதிரத் தொடங்கும். குழந்தையும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் முகம் பார்த்துச் சிரித்து விளையாடும்.

பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வந்துவிடுகிறது. அதற்கு மேலும் கொட்டினால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?

வைத்தீஸ்வரன் கோயிலிலோ சமயபுரத்திலோ வேண்டுதலுக்காக முடி கொடுப்பது உங்கள் நம்பிக்கை. அதில் நான் தலையிட மாட்டேன். அடர்த்திக்காக மட்டும் என்றால் வீண்.

முடி உருவாகும் வேர்ப்பை தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கத்தி அங்கே போவதே இல்லை. எத்தனை வேர்ப்பைகள் என்பது பிறக்கும்போதே முடிவானது. மொட்டைக்குப் பிறகு முளைக்கும் முடி நுனி கூராக இல்லாமல் வெட்டுப்பட்டு மொண்ணையாக இருப்பதால் தடவினால் சொரசொரவென்றிருக்கும். எல்லா முடியும் ஒரே உயரத்தில் நிற்பதால் கறுப்பாகவும் தெரியும். குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு குழப்பம். பிறந்த முடி பூனைமுடி மாதிரி மெல்லியதாக இருக்கும், வயது ஏற ஏறத் தானே தடிக்கும். இடையில் மொட்டை போட்டிருந்தால் பெருமை மொட்டைக்குப் போகும்.

"ரெண்டு மொட்டை போட்டும் இவளுக்கு முடி வரலையே" என்று சொல்லி மூன்றாவது மொட்டைக்குப் பிள்ளையை இழுத்துப் போகிற அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நுனி வெட்டினால் வேகமாக வளருமா?

வளராது. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான், வெட்டினாலும் வெட்டாவிட்டாலும். நுனி பிளந்தது மேலே ஏறாமல் தடுக்கத்தான் வெட்டுகிறோம். பார்லர்காரி நானே சொல்கிறேன், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

கல்யாணமாகி வேதாரண்யம் பக்கம் போனதிலிருந்து உப்புத்தண்ணீரால் முடி கொட்டுகிறது. என்ன செய்ய?

டெல்டாவில் கடலை ஒட்டிப் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு ஏறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. இந்தத் தண்ணீர் முடியைக் கெடுப்பது உண்மை. உப்பும் சுண்ணாம்பும் முடிமேல் படியும். சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டும். முடி வறண்டு, சிக்கு விழுந்து, சீப்பு போட்டால் நடுவில் ஒடியும்.

ஆனால் இது ஒடிவதுதான், வேரோடு கொட்டுவது அல்ல. கையில் வந்த முடியைப் பாருங்கள். ஒரு முனையில் குட்டி வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் ஒடிந்தது. வேரிலிருந்து உதிர்ந்தால் தண்ணீரை விட்டுவிட்டு, முன்பு சொன்ன மூன்று மாதக் கணக்குக்குப் போங்கள். புது வீடு, புது சமையல், தூக்கமில்லாத இரவுகள், சரியாகச் சாப்பிடாமல் இருந்தது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

ஒடிவதற்கு வழி எளிது. முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டாம். கடைசியாக அலச மட்டும் ஒரு குடம் குடிதண்ணீரோ, மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ போதும். சோப்புக் கட்டியைத் தலைக்குப் போடாதீர்கள். கடினத் தண்ணீரில் சோப்பை விட ஷாம்பு நன்றாக அலசும். பிறகு நுனிக்குக் கொஞ்சம் கண்டிஷனர்.

எண்ணெய் வைத்தால் முடி வளருமா?

தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்காது, இருப்பதைக் காப்பாற்றும். 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிக்கும்போது முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்குகிறது என்பது விளக்கம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் போட்டுக் காய்ச்சினால் வாசனையாக இருக்கும், தேய்க்கவும் ஆசையாக இருக்கும். அதைத் தாண்டி எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எண்ணெய்க் குளியலுக்கு அரை நாள் போய்விடுகிறது. வேலைக்குப் போகிறவள் என்ன செய்வது?

பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்பது வழக்கம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வாரத்திலேயே நெருக்கடியான காலை வெள்ளிக்கிழமைதான். வீடு துடைத்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, சமைத்து, டப்பா கட்டி, நடுவில் தலைக்கும் குளித்து, ஈரத்தலையோடு மயிலாடுதுறை ரயிலுக்கு ஓடுவார்கள்.

நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். தேய்ப்பது பத்து நிமிடம். ஊறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வைத்துத் தலையணையை நாசம் பண்ண வேண்டியதில்லை. ஊறுகிற நேரத்தில் காய் நறுக்கலாம். குளியல் இருபது நிமிடம். இடுப்பு வரை முடி உள்ளவருக்கு உண்மையான செலவு காய்வதில்தான். வெயில் நாளில் ஒரு மணி நேரம், கார்த்திகையில் நாள் முழுக்க. கணக்குப் போடும்போது எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், முன்பு எத்தனை முறை தாமதமாகியிருந்தாலும் அப்படித்தான். 1979-ல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத் திட்டமிடல் பிழை என்று எழுதினார்கள். இதற்கு மருந்து, எவ்வளவு ஆகும் என்று யோசிக்காமல் போன வாரம் எவ்வளவு ஆனது என்று பார்ப்பது. எட்டு மணி பஸ் என்றால் பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏழே முக்காலுக்குப் பின்னல் முடிய வேண்டும் என்றால் ஆறரைக்காவது தலையில் துண்டு இருக்க வேண்டும்.

என் யோசனை: வியாழன் சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் குளித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் சனிக்கிழமை. முடிக்குக் கிழமை தெரியாது.

சீயக்காயா, ஷாம்புவா?

எது கைக்கு எட்டுகிறதோ அது. சீயக்காயில் நுரைப்பது சாப்போனின், அதுவும் அழுக்கெடுக்கும் பொருள்தான். மெஷினில் கொடுத்து அரைத்து வைத்திருந்தால் நல்லது. திப்பி தலையில் தங்காமல் அலச நேரம் வேண்டும். காலையில் அந்த நேரம் இல்லாதவர்களுக்கு ஷாம்பு எந்தப் பாவமும் இல்லை. உச்சந்தலைக்கு மட்டும் போடுங்கள், நுனிக்கு வழிகிற நுரையே போதும்.

பொடுகு இருக்கிறது. எண்ணெய் பத்தாததால்தானே?

பெரும்பாலும் நேர் எதிர். பொடுகுக்குப் பின்னால் மலாசேசியா என்ற பூஞ்சை இருக்கிறது. அது எல்லோர் தலையிலும் இருப்பதுதான், தலையில் ஊறும் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்கிறது. மேலே எண்ணெய் வைத்தால் செதில் படிந்துபோய்க் கொஞ்சம் மறையும், அரிப்பு போகாது. மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் உள்ள ஷாம்பு கேளுங்கள். வாரம் இருமுறை போட்டு, ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் மருந்தே. போட்ட உடனே அலசிவிட்டு "கேக்கலை" என்று சொல்கிறவர்கள் நிறைய. ஒரு மாதத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவர்.

காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் நேரம் கிடைக்கும் என்கிறார்களே?

எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றரை வரை போனில் ரீல்ஸ் பார்த்துவிட்டு நான்கு மணிக்கு எழுந்தால் கிடைப்பது நேரம் இல்லை, தலைவலி. முன்னிரவில் இருபது நிமிடம் ஒதுக்கி மறுநாள் சேலை, சாக்ஸ், சாவி, நறுக்கிய காய், பிள்ளையின் நோட்டில் கையெழுத்து எல்லாவற்றையும் முடித்து வைப்பது விடிகாலை ஒரு மணி நேரத்துக்குச் சமம்.

எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடுமா?

இந்த 21-ஐப் பரப்பியது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், 1960-ல். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். பழக்கத்தை நேரடியாக ஆராய்ந்தது 2009-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று. அதில் சராசரி 66 நாள், ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்றும் தெரிந்தது.

முடிக்கும் இதே கணக்குதான். எதைத் தொடங்கினாலும் மூன்று நான்கு மாதத்துக்கு முன் பலன் தெரியாது. மருத்துவர் எழுதித் தரும் மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்துக்கே அவ்வளவு ஆகும், முதல் சில வாரம் கூடுதலாகக் கூடக் கொட்டும். வாரத்துக்கு ஒரு எண்ணெய் மாற்றுகிறவருக்கு எது பலித்தது என்று எப்போதும் தெரியப்போவதில்லை.

பட்டியல் போடுகிறேன், அலாரம் வைக்கிறேன், அப்படியும் நேரம் போதவில்லை. என் தப்பு என்ன?

உங்கள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நிர்வகிக்கச் சொன்னால் எந்தப் பட்டியலும் தோற்கும்.

அதனால் பட்டியலில் வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது, டப்பா கழுவுவது, பெண்ணுக்கு ரெட்டைப் பின்னல் போடுவது எல்லாம் அப்பாக்களுக்கு வராத வித்தை இல்லை. "அவருக்குப் பின்னத் தெரியாதுக்கா" என்று சிரிப்பவர்களிடம், இங்கே அழைத்து வாருங்கள், காசில்லாமல் கற்றுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யலாமா?

தலையில் எண்ணெய் ஊறும்போது காய் நறுக்கலாம், ஊறுவதற்கு உங்கள் மூளை தேவையில்லை. மூளை கேட்கிற இரண்டு வேலையைச் சேர்த்தால் இரண்டுக்கும் நடுவே தாவித் தாவி நேரம்தான் விரயமாகும். போன் பேசிக்கொண்டே பால் காய்ச்சியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈரத்தலையோடு கிளம்பினால் சளி பிடிக்குமா?

சளி வைரஸால் வருவது, ஈரத்தால் அல்ல. ஆனால் ஈரமாகவே கொண்டை போடாதீர்கள். ஈர முடி இழுபட்டு எளிதில் ஒடியும், நாளெல்லாம் காயாமல் வாடை அடிக்கும். தளர்வாகக் கீழே ஒரு முடிச்சுப் போட்டுக் கிளம்பி, வேலை பார்க்கும் இடத்தில் பின்னிக்கொள்ளுங்கள். பூவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நரைமுடியைப் பிடுங்கினால் பத்து வருமா?

வராது, ஒவ்வொரு வேர்ப்பையும் தனி. பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வழுக்கையாகலாம். சின்ன வயது நரைக்குப் பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். சிலருக்கு பி12 குறைவும் தைராய்டும் சேர்ந்திருக்கும்.

சாயத்தில் ஒரு எச்சரிக்கை. அரைத்த மருதாணி முடிக்குச் சிவப்பு நிறம்தான் தரும். அரை மணியில் கன்னங்கரேலென்று ஆக்கும் 'கறுப்பு மருதாணி' என்றால் அதில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பேன் வருகிறது. முடி அழுக்காக இருப்பதாலா?

சுத்தமான தலையிலும் பேன் தங்கும். அது குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டினால் ஏறும். கண்டிஷனர் தடவிய ஈர முடியை ஈர்கொல்லியால் வகிடு வகிடாக வாருங்கள். பேனைக் கொல்லும் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் போட்டால், ஈரிலிருந்து பொரிந்தவற்றைப் பிடிக்க 7 முதல் 10 நாளில் இன்னொரு முறை போட வேண்டும். இந்த இரண்டாம் முறையை விடுவதால்தான் பேன் திரும்பி வருகிறது. காலண்டரில் குறித்து வையுங்கள். மண்ணெண்ணெயோ வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தோ தலைக்குப் போடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

முடிக்கு என்ன சாப்பிடலாம்?

முட்டை, மீன், பருப்பு, முருங்கைக்கீரை. நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும்: சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடிக்காதீர்கள். காபியும் டீயும் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், காபியை விடச் சொல்லவில்லை.

காசு மாதிரி வட்டமாக முடி போய்விட்டது. பூச்சி கடித்ததா?

புழுவெட்டு என்று சொன்னாலும் அங்கே புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்ப்பையைத் தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாக முளைக்கும், சிலருக்குப் பரவும். சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்த இடம் சிவந்து, சீழ் வைத்து, வலித்தால் அதே வாரம் போங்கள்.

பார்லருக்கு எப்போது வந்தால் காத்திருக்க வேண்டாம்?

செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு முடி வெட்டக் கூடாது என்று பாதி ஊர் வராது. தீபாவளிக்கு முந்தின நாளும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் வராதீர்கள். புதிதாகச் சாயம் போடுவதென்றால் 48 மணி நேரச் சோதனைக்கு அவகாசம் வேண்டும், முகம் வீங்கினால் போட்டோவில் தெரியும். கல்யாணப் பெண் ஒரு வாரம் முன்னதாக வரட்டும்.